திட்டுக்குப் போன சனிக்கிழமை

எங்களைத் திட்டில் இறக்கிவிட்ட படகின் மோட்டார் சத்தம் சுரபுன்னை மரங்களுக்கு அந்தப் பக்கம் தேய்ந்து மறைந்த பிறகும், அவன் அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றான். "திரும்ப எப்ப வரச் சொல்லியிருக்க?" என்று கேட்டான். கேள்வி கான்ட்ராக்டருக்கு. காதில் விழாதவன் போல அவன் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரப்பாலத்தின் மேல் முன்னால் நடந்தான். வக்கீலும் பின்னாலேயே போனான். கேட்டவன் திரும்பி என்னைப் பார்த்தான். எனக்கும் தெரியாது என்று உதட்டைப் பிதுக்கினேன். உண்மையாகவே எனக்குத் தெரியாது. அதை அவன் நம்பவில்லை என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

அவனை நாங்கள் சேஃப்டி என்றுதான் கூப்பிடுவோம். கடலூரை அடுத்த குடிகாட்டை ஒட்டியிருக்கும் தொழிற்பேட்டையில், ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தான். நாங்கள் நான்கு பேரும் சிதம்பரத்தில் ஒரே விடுதியில் தங்கி வேதியியல் படித்தவர்கள். அதன் பிறகு ஒருவன் சட்டம் படித்து வக்கீலாகி கடலூர் கோர்ட்டில் ஓரளவு பேரெடுத்தான். ஒருவன் தொழிற்சாலைகளுக்குக் கூலியாட்களை அனுப்பும் கான்ட்ராக்டரானான். சேஃப்டியின் தங்கையைக் கட்டிக்கொண்டு அவனுக்கு மாப்பிள்ளையும் ஆனான். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போனேன். ஊர் ஒன்றுதான் என்றாலும் நான்கு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பல வருஷம் ஆகியிருந்தது.

சேஃப்டியைக் கிண்டல் செய்வது எங்களுக்குப் பழக்கம். கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் மாப்பிள்ளை பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் வெளியேறும் வழி எங்கே இருக்கிறது என்று பார்ப்பான். யார் வீட்டுக்குப் போனாலும் பேச்சுக்கு நடுவே எழுந்து சமையலறைக்குப் போய் கேஸ் டியூபை வளைத்துப் பார்த்துவிட்டு வருவான். என் வீடு கட்டும்போது சாரத்தை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்த பிறகுதான் கொத்தனாரை ஏறவிட்டான். கொத்தனாருக்குக் கோபம் வந்தது, எனக்குச் சிரிப்பு வந்தது. எதையும் தணிந்த குரலில்தான் சொல்வான். அவன் சத்தம் போட்டு நான் அதுவரை கேட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமைக்குக் கொஞ்ச நாள் முன்னால் அவனுடைய தொழிற்சாலையில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். கழிவு நீர்த் தொட்டியின் அடியில் படிந்த சகதியை வழித்தெடுக்க வந்தவர்கள். கான்ட்ராக்டரின் ஆட்கள். தொட்டிக்குள் விஷவாயு இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்காமல் யாரும் இறங்கக்கூடாது என்று சேஃப்டி காலையிலேயே சொல்லியிருந்தான். அதற்கான கருவியை எடுத்துக்கொண்டு அவன் இரும்புப் படியில் இறங்கி வந்தபோது, தொட்டி விளிம்பில் நின்ற தொழிலாளி போனில் பேசிக்கொண்டிருந்தான். கை ஈரமாக இருந்ததால் போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தான். மறுமுனையில் கான்ட்ராக்டரின் குரல். "அவரு வந்து பாக்குறதுக்குள்ள ஷிப்டே முடிஞ்சிடும். சட்டுனு எறங்கி வழிச்சிட்டு ஏறு." தொழிலாளி இறங்கினான். இறங்கியவன் ஏணியிலிருந்தே சரிந்து விழுந்தான். கூட நின்றவன் அவனுடைய பெரியப்பா மகன். மேலிருந்து சேஃப்டி நிற்கச் சொல்லிக் கூப்பிட்டதை அவன் கேட்டான். ஒரு முறை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தம்பியைத் தூக்க இறங்கினான். முகமூடி மாட்டிக்கொண்டு சேஃப்டி உள்ளே போய் இருவரையும் வெளியே கொண்டுவந்தபோது இரண்டு பேருக்கும் உயிர் இல்லை.

இதெல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் அப்போது தெரியும். திங்கட்கிழமை அரசுத் தரப்பில் விசாரணை என்றும், அதில் சேஃப்டி சாட்சி சொல்லப் போகிறான் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். அந்த வாரத்தின் நடுவில் கான்ட்ராக்டர் எனக்குப் போன் செய்தான். "மச்சான், அவன் ரொம்ப ஒடைஞ்சி போயிருக்கான்டா. சாப்புடறதில்ல, தூங்கறதில்லன்னு என் வீட்ல அழுவுறா. பழைய மாதிரி நாலு பேரும் ஒரு நாளு எங்கயாச்சும் போயிட்டு வரலாம். நான் கூப்டா வரமாட்டான். நீ கூப்புடு." எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. கூப்பிட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ வரியா? அப்ப சரி" என்றான்.

பிச்சாவரத்திலிருந்து படகில் உள்ளே போனால், கழிமுகத்தை ஒட்டிக் கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் ஒரு திட்டு இருக்கிறது. சுனாமிக்கு முன்னால் அங்கே சில வீடுகள் இருந்ததாகச் சொல்வார்கள். இப்போது வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. ஒரு நாளைக்குச் சில பேரைத்தான் விடுவார்கள், அதுவும் யாராவது பெரிய ஆள் சொன்னால்தான். அனுமதியை வக்கீல் வாங்கியிருந்தான். எங்களில் யாருமே அங்கே போனதில்லை. படிக்கும் காலத்தில் போக ஆசைப்பட்டு, படகுத்துறையோடு திரும்பி வந்திருக்கிறோம்.

கான்ட்ராக்டரின் காரில் காலையில் கிளம்பினோம். தொழிற்பேட்டையைத் தாண்டும்போது அந்த ரசாயன வாடை உள்ளே வராமல் இருக்க அவன் கண்ணாடியை ஏற்றினான். சிதம்பரத்தில் இறங்கி இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் சாப்பிட்டோம். கான்ட்ராக்டர் தன் இலையைக் கவனிக்காமல் சேஃப்டியின் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னும் ரெண்டு வையுப்பா அவருக்கு" என்று பரிமாறுகிறவனிடம் இரண்டு முறை சொன்னான். சேஃப்டி கையை இலைமேல் குறுக்கே வைத்துத் தடுத்தான். மாப்பிள்ளை மச்சானைக் கவனிக்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

படகுத்துறையில் வனக்காவலர் எங்கள் பைகளைச் சோதித்து, பிளாஸ்டிக் பாட்டில்களை வாங்கி வைத்துக்கொண்டார். "மூணு மணிக்கு மேல உள்ள யாரும் இருக்கக் கூடாது சார். சாயங்காலம் தண்ணி ஏறும். வத்தி கெடக்குற நேரத்துல சேத்துல காலு வைக்காதீங்க, ஆள உள்ள வாங்கிடும்" என்றார். கான்ட்ராக்டர் தலையாட்டினான். பிறகு படகோட்டியைத் தனியே கூப்பிட்டு, தோளில் கை போட்டு ஏதோ பேசினான்.

திட்டில் எங்களைத் தவிர வேறு யாருமில்லை. இறங்குதுறையிலிருந்து ஒரு மரப்பாலம், பாதி பலகைகள் இற்றுப்போனது, மேட்டுக்குப் போனது. மேட்டில் மணலும் சவுக்கும். அதற்கப்பால் கடல். ஓரத்தில் நின்ற ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு ஏறப்போன வக்கீலின் கையை சேஃப்டி தட்டிவிட்டான். "தில்லை மரம்டா. பாலு கண்ணுல பட்டா போச்சி." அதுதான் அன்றைக்கு அவன் சகஜமாகப் பேசிய கடைசிப் பேச்சு. கூரையில்லாத ஒரு சுவரின் நிழலில் உட்கார்ந்தோம். போனை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் சுத்தமாக இல்லை. கொண்டுவந்த புளிசாதத்தைப் பிரித்தோம். சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்தவன் போல, வக்கீல் கையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"திங்கக்கெழம என்னா சொல்லப் போற?"

சேஃப்டி அவனைப் பார்த்தான், கான்ட்ராக்டரைப் பார்த்தான், கடைசியாக என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. இந்தப் பயணம், இந்த அனுமதி, எழுந்து போக வழியில்லாத இந்த இடம், எல்லாமே ஒரே காரியத்துக்காகத்தான் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. அவனை இங்கே கொண்டுவந்து சேர்க்க நான் தேவைப்பட்டிருக்கிறேன்.

"கேட்டத சொல்லுவேன்" என்றான் சேஃப்டி.

"ஒன்ன யாரும் பொய் சொல்லச் சொல்லல. போன்ல என்னா பேசுனாங்கன்னு தெளிவா கேக்கலன்னு சொன்னா போதும். மோட்டர் சத்தம் ஜாஸ்தியா இருந்துச்சின்னு சொல்லு. அவ்வளவுதான்."

"மோட்டர் அன்னிக்கி ஓடல. நிறுத்திட்டுத்தான் தொட்டியத் தொறந்தாங்க."

"அது விசாரிக்கிறவருக்குத் தெரியாதுடா."

"எனக்குத் தெரியும் இல்ல."

கான்ட்ராக்டர் அதுவரை மணலில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலேயே பேசினான். "எறங்குடான்னு நான் சொன்னது நெசந்தான் மச்சான். சாவுடான்னா சொன்னேன்? நாளைக்கி வேல முடியலன்னா கம்பெனிக்காரன் என்ன நிக்க வச்சி கேப்பான். நீ மாசச் சம்பளக்காரன், ஒனக்கு அது தெரியாது. ரெண்டு பேரு போயிட்டாங்க. திரும்பி வரப் போறாங்களா? நீ ஒரு வார்த்தய விட்டுட்டா ஒன் தங்கச்சி குடும்பம் நிக்கும்."

"அவன் தானா எறங்குனான்னு ஆயிட்டா அந்த வீட்டுக்கு ஒண்ணுமே கெடைக்காது மாப்ள. செத்தவன் மேலயே பழி போயிடும்."

"அத நான் பாத்துக்கறேன். தனியா செய்வேன்."

"செய்வ. எத்தினி நாளைக்கி செய்வ?"

இப்படியே போனது. பேசப் பேசக் கான்ட்ராக்டரின் குரல் ஏறிக்கொண்டிருந்தது. சேஃப்டியின் குரல் மட்டும் மாறவே இல்லை. அதுதான் கான்ட்ராக்டரை இன்னும் ஆத்திரப்படுத்தியது என்று நினைக்கிறேன். கடைசியில் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, முன்பே பதிவு செய்து வைத்திருந்ததை ஓடவிட்டான். சேஃப்டியின் தங்கை பேசினாள். "அண்ணா, நான் ஒங்கிட்ட எதுவுமே கேட்டதில்ல. ஒன் மருமவ பன்னெண்டாவது படிக்கிறா. அவங்கப்பன போலீஸ் வந்து இழுத்துக்கினு போனா அவள எவன் கட்டுவான்? எனக்காகக் கூட வேணாண்ணா, அவளுக்காகப் பாரு." இடையிடையே அழுகை. காற்றில் குரல் சிதறியது. கான்ட்ராக்டர் போனை சேஃப்டியின் காதுக்குப் பக்கத்தில் பிடித்தான்.

சேஃப்டி முழுவதையும் கேட்டான். எழுந்து என்னிடம் வந்தான். "ஒனக்குத் தெரியுமா இது?" என்றான். இல்லை என்றேன். அவன் மரப்பாலத்தை நோக்கி நடந்தான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தச் சில நிமிஷம் போல எனக்கு வாழ்க்கையில் வேறெதுவும் கசந்ததில்லை.

நேரம் போய்க்கொண்டிருந்தது. மூன்று மணி தாண்டியது. படகு வரவில்லை. வடகிழக்கே வானம் கறுத்து, காற்று திசை மாறி, சவுக்கு ஒரே இரைச்சலாக இருந்தது. நாங்களும் இறங்குதுறைக்கு வந்தோம். தண்ணீர் வற்றி, காலையில் நாங்கள் இறங்கிய இடத்தில் கறுப்புச் சேறு பளபளவென்று கிடந்தது. "படகு எங்க மாப்ள?" என்று சேஃப்டி மறுபடி கேட்டான். இந்த முறை கான்ட்ராக்டர் ஒளிக்கவில்லை. "அஞ்சு மணிக்கி மேலதான் வருவான். நாந்தான் சொன்னேன். பேசி முடிக்காம எங்கயும் போறதில்ல."

"மழ வருது. தண்ணி ஏறுனா இந்தப் பாலமே முழுவும். நாலு உசுர வச்சிக்கினு வெளாடுறியா?"

"நீ மட்டும் என் குடும்பத்த வச்சி வெளாடலாமா?"

இரண்டு பேரும் நெஞ்சோடு நெஞ்சு நின்றார்கள். வக்கீல் நடுவில் கையை நீட்டியபடி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். அடித்துக்கொள்வார்கள் என்றே நினைத்தேன். அப்போதுதான் வாய்க்கால் வளைவில் மோட்டார் சத்தம் கேட்டது. இறால் பிடித்துத் திரும்பும் ஏதோ ஒரு படகு. சுரபுன்னை மறைவில் அவர்களுக்கு நாங்கள் தெரியமாட்டோம். கொஞ்சம் வெளியே போய்க் கையைக் காட்டினால் பார்ப்பார்கள். அந்தச் சண்டையிலிருந்து எங்கள் எல்லோரையும் வெளியே கொண்டுபோய்விட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை. வனக்காவலர் சொன்னது மறந்தேபோனது. பாலத்திலிருந்து குதித்து, கையை வீசிக்கொண்டு சேற்றில் ஓடினேன்.

முதல் சில எட்டு தாங்கியது. அடுத்த எட்டில் முழங்கால் வரை போனது. அந்தக் காலை இழுக்க மற்றதை ஊன்றினேன். அது தொடை வரை போனது. திரும்பிப் பார்க்க உடம்பைத் திருப்பியதும் இடுப்பு வரை இறங்கிவிட்டேன். அடியில் எதுவும் தட்டுப்படவில்லை. சேறு குளிர்ந்திருந்தது. இரண்டு காலையும் யாரோ கட்டிப் பிடித்திருப்பது போல இருந்தது. கத்தினேனா என்று நினைவில்லை. வாய்க்கால் பக்கமிருந்து தண்ணீர் மெல்லிய மடிப்பாகச் சேற்றின் மேல் ஏறி வருவதைப் பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது. அது அவசரமில்லாமல் வந்தது.

கான்ட்ராக்டர்தான் முதலில் பார்த்தான். "டேய்" என்று அலறிக்கொண்டு பாலத்தின் விளிம்புக்கு ஓடிவந்து குதிக்கப் போனான். எங்களில் துணிச்சல்காரன் எப்போதும் அவன்தான். படிக்கும்போது கிணற்றில் விழுந்த ஆட்டுக்குட்டிக்காக யோசிக்காமல் குதித்தவன். அவன் ஒரு கால் விளிம்பைத் தாண்டிவிட்டது. சேஃப்டி பின்னாலிருந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். பொத்தான்கள் தெறிக்க, கான்ட்ராக்டர் பலகை மேல் மல்லாக்க விழுந்தான்.

"எறங்காத."

அந்தக் குரலை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். திட்டு முழுக்கக் கேட்டிருக்கும். "நீயும் எறங்குனா ரெண்டு பேரையும் என்னால தூக்க முடியாது. நான் சொல்ற வரைக்கும் எவனும் எறங்கக் கூடாது."

சேற்றிலிருந்து நிமிர்ந்து பார்த்தபோது, பாலத்தின் விளிம்பில் மூன்று முகங்கள் தெரிந்தன. தொட்டிக்குள் இறங்கிய அந்த இரண்டு பேரும் இப்படித்தான் மேலே பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது என்பதும் அப்போதே தோன்றியது.

"காலை ஆட்டாத" என்றான் சேஃப்டி. குரல் மறுபடி தணிந்திருந்தது. "பின்னால சாஞ்சிக்கோ. படுக்கற மாதிரி. கைய விரி. மூச்ச மெதுவா விடு." எனக்குச் சாயப் பயமாக இருந்தது. சாய்ந்தால் முகமும் போய்விடும் என்று தோன்றியது. "நான் சொல்றேன்டா. சாயி." சாய்ந்தேன். இறங்குவது நின்றது.

வக்கீலை ஓடிப்போய் பாலத்தில் ஆணி கழன்ற பலகைகளைப் பிடுங்கி வரச் சொன்னான். கான்ட்ராக்டரிடம், "வேட்டிய அவுரு" என்றான். கான்ட்ராக்டர் அவிழ்த்தான். சேஃப்டி அதை முறுக்கி வக்கீலின் பெல்ட்டோடு சேர்த்துக் கட்டினான். பலகைகளை ஒன்றன் பின் ஒன்றாகச் சேற்றின் மேல் போட்டு, அதன் மேல் குப்புறப் படுத்து ஊர்ந்து வந்தான். என் அக்குளுக்கடியில் வேட்டியைச் சுற்றி முடிச்சுப் போடும்போது அவன் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. வியர்வையா மழையா தெரியவில்லை, மூக்கு நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் என் நெஞ்சைத் தொட்டுவிட்டது. "ஒரு காலு மட்டும். பக்கவாட்டுல ஆட்டிக்கினே மேல எடு. மத்தத மறந்துடு" என்றான். பிறகு திரும்பாமலே, "மாப்ள, இழு" என்றான். இழுத்தான். "நிறுத்து." நிறுத்தினான். "இப்ப இழு. மெதுவா. நிறுத்து." டவுசரோடு நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, கான்ட்ராக்டர் அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் அடங்கினான். அவசரக்காரன் அன்றைக்கு ஒரு முறைகூட அவசரப்படவில்லை. எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. ஒரு கால் வந்தது. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்றும் வந்தது. செருப்புகள் அங்கேயே இருந்துவிட்டன.

பலகை மேல் இழுத்துப் போட்டதும் வாந்தி எடுத்தேன். மழை கொட்டியது. இறால் படகுக்காரர்கள் சத்தம் கேட்டுத் திரும்பி வந்து, தண்ணீர் இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று சற்றுத் தள்ளி நின்றிருந்தார்கள். நாங்கள் நாலு பேரும் பாலத்தில் உட்கார்ந்திருந்தோம். கான்ட்ராக்டர் இரண்டு கையையும் கக்கத்தில் வைத்து அழுத்திக்கொண்டான்.

"எனக்கு ஒண்ணுமே தோணல மச்சான்" என்றான். "குதிக்கணும். அது மட்டுந்தான் தோணுச்சி."

"தெரியும்" என்றான் சேஃப்டி. "அந்த ரெண்டாவது ஆளுக்கும் அப்புடித்தான் தோணியிருக்கும்."

கான்ட்ராக்டர் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அழுதான். நான் அவன் அழுது பார்த்தது அந்த ஒரு முறைதான். படகு பக்கத்தில் வந்து நாங்கள் ஏறும்போது, மனசு மாறியிருக்குமோ என்ற நப்பாசையில் வக்கீல் மெதுவாக, "அப்ப திங்கக்கெழம..." என்று ஆரம்பித்தான். சேஃப்டி கான்ட்ராக்டரைப் பார்த்துச் சொன்னான். "கேட்டத கேட்டபடி சொல்லப் போறேன் மாப்ள. ஒம் மூஞ்சிக்கி நேரா இப்பவே சொல்லிடறேன்." கான்ட்ராக்டர் ஈர வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி வந்தான். இப்போது சேஃப்டி இரக்கப்பட்டு விட்டுவிடுவான் என்று நானும்தான் எதிர்பார்த்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். ஒருவனைக் காப்பாற்றிய கையோடு இன்னொருவனை எப்படிக் கைவிடுவான் என்று நினைத்தேன். அவன் யாரையும் கைவிடவில்லை என்று புரிய எனக்கு நாளாயிற்று.

படகுத்துறையில் வனக்காவலர் எங்களைத் திட்டித் தீர்த்தார். கான்ட்ராக்டரின் காரில் சேஃப்டி ஏறவில்லை. நானும் அவனோடு நின்றுகொண்டேன். சிதம்பரத்திலிருந்து கடலூர் பஸ்ஸில், சேறு காய்ந்த பேண்ட்டைப் பார்த்து கண்டக்டர் என்னை சீட்டில் உட்கார விடவில்லை. பரங்கிப்பேட்டை திரும்பும் ரோடு வரை நின்றுகொண்டே வந்தேன். துணைக்கு அவனும் நின்றான். "சாந்தரம் வரைக்கும் ஒன்னையும் சேத்துத்தான் சந்தேகப்பட்டேன்" என்றான். இப்போது என்ன என்று கேட்டேன். "அந்தப் படகப் பாத்துட்டு அந்த ஓட்டம் ஓடுனியே. இவனுங்க திட்டம் தெரிஞ்சவன் அப்புடி ஓடியிருக்க மாட்டான்."

திங்கட்கிழமை அவன் சொன்னான். உள்ளே நான் இல்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். மாப்பிள்ளை மேல் உங்களுக்கு ஏதாவது மனஸ்தாபமா என்று கேட்டார்களாம். எதுவுமில்லை, நல்ல மனுஷன் என்றானாம். இறந்தவர்களின் குடும்பங்களுக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. கான்ட்ராக்டர் கைதானான், சில வாரம் கழித்து ஜாமீனில் வந்தான், தொழில் போயிற்று, வழக்கு இன்னும் நடக்கிறது. நிர்வாகம் சேஃப்டியை வேலையை விட்டு எடுக்கவில்லை. யாரும் வராத ஒரு கிடங்கில் உட்கார வைத்தது. அவனே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். இப்போது முதுநகர் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் பிளாண்டில் இருக்கிறான். அங்கேயும் அமோனியாக் குழாயை மோந்து பார்த்துக்கொண்டிருக்கிறான்.

தங்கை பேச்சை நிறுத்திவிட்டாள். பொங்கலுக்கு அண்ணன் வீட்டு வரிசை என்று அவன் கொண்டுபோன கரும்பையும் மஞ்சளையும் வாசலோடு திருப்பி அனுப்பினாள். அடுத்த வருஷமும் கொண்டுபோனான், அப்போதும் திருப்பினாள். எந்த வருஷமும் அவன் போகாமல் இருந்ததில்லை. ஏன்டா போகிறாய் என்று ஒரு தடவை கேட்டேன். "கோவிச்சிக்க அவளுக்கு நாயம் இருக்கு. அதுக்காக நான் போவாம இருக்க முடியுமா?" என்றான்.

போன ஆவணியில் தங்கை மகளுக்கு சிதம்பரத்தில் கல்யாணம். எனக்குப் பத்திரிகை வந்தது, தாய்மாமனுக்கு வரவில்லை. நான் மண்டபத்துக்குப் போனபோது எதிர்ச்சாரி டீக்கடையில் அவன் நின்றிருந்தான். புதுச்சட்டை, பட்டுக்கரை வேட்டி. "உள்ள வரல. இப்புடியே நிக்கிறேன்" என்றான். நான் உள்ளே போய் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் யாரோ பார்த்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் பட்டுப்புடவையும் வியர்த்த முகமுமாகத் தங்கையே வாசலுக்கு வந்தாள். ரோட்டைத் தாண்டி வந்து அவன் முன்னால் நின்றாள். இரண்டு பேருக்கும் நரை விழுந்திருந்தது. அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால், "மேடைக்கி வராதண்ணா. எனக்குத் தாங்காது. சாப்ட்டுட்டு போ" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

எல்லோரும் முகூர்த்தத்துக்கு மாடியில் இருந்தார்கள். கீழே சாப்பாட்டுக் கூடம் ஏறக்குறையக் காலி. நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம், இலை போட்டார்கள், சோறு வைத்தார்கள். பிசைந்துகொண்டிருக்கும்போது மேலே கெட்டிமேளம் முழங்கியது. அவன் எச்சில் கையோடு எழுந்து நின்றான். நானும் நின்றேன். பரிமாறுகிறவர் ஏதாவது குறையோ என்று ஓடிவந்தார். மேளம் ஓயும்வரை அண்ணாந்து மாடியைப் பார்த்தபடி நின்றுவிட்டு, உட்கார்ந்து சாப்பாட்டைத் தொடர்ந்தான்.

பாயசம் வரும் நேரத்தில் மாடிப்படியில் கான்ட்ராக்டர் இறங்கி வந்தான். தோள் துண்டெல்லாம் மஞ்சள் அரிசி. எங்களைப் பார்த்துச் சற்று நின்றான். பிறகு பரிமாறுகிறவர் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டு வந்து, சேஃப்டியின் இலைக்கு முன்னால் குனிந்து பாயசம் ஊற்றினான். அத்தனை வருஷத்தில் அவர்கள் பேசிக்கொண்டதை நான் கேட்டதில்லை.

"அடுத்த மாசம் கேஸு வருது மச்சான். ஒன்ன கூப்புடுவாங்க."

"தெரியும் மாப்ள. வருவேன்."

"வா" என்று சொல்லிவிட்டு, கான்ட்ராக்டர் இன்னொரு கரண்டி ஊற்றினான்.